ஆறுதலாகக் கேள், ஆறுதலாகப் பார்

ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பும் தொழில்முறை பேஸ்போலும் வன்னிக்கு எட்டாத விசயங்கள் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: வீட்டில் இருக்கும் நேரமும், நாளைக்கும் அதே வீட்டில் இருப்போம் என்ற நிச்சயமும். அந்த இரண்டையும் இழந்து மீண்ட ஊருக்கு இந்த இன்பங்களின் அருமை நன்றாகவே தெரியும்.

ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணி சொந்த மைதானத்தில் ஆடும் இரவு ஆட்டங்கள் பெரும்பாலும் 7.07க்குத் தொடங்கும். தர்மபுரத்தில் அப்போது மறுநாள் விடியப்புறம் 4.37. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் வாகனச் சத்தம் கேட்கத் தொடங்காத நேரம். அந்த நேரத்துக்கு எழும்பி, கைத்தொலைபேசியில் ஒரு கனேடிய அணியின் ஆட்டத்தைப் பின்தொடர்கிறவன் நான். பழக்கிவிட்டது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான்.

அவனுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று பழைய ஜாஸ் இசைத்தட்டு வாங்கிச் சேர்ப்பது. மற்றது புளூ ஜேய்ஸின் ஆட்டத்தைத் தவறவிடாமல் பார்ப்பது. இரண்டையும் ஒன்றாகவே செய்வான். தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டு இசைத்தட்டை ஓடவிடுவான். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம். பேஸ்போலில் இரு அணிகளும் ஒருமுறை துடுப்பெடுத்தாடி முடிக்கும் ஓர் இன்னிங்ஸும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்னிங்ஸ் முடிய எழுந்து தட்டைத் திருப்பிப் போடுவான். அடுத்த இன்னிங்ஸ் தொடங்கும். தொடக்கத்தில் நான் ஓட்டக் கணக்கை மட்டும் கேட்பேன். அவன் சொல்வான்: “எட மச்சான், அவசரப்படாதை. ஒவ்வொரு பந்தா ஆறுதலாப் பார். பாட்டையும் அப்பிடித்தான் கேக்கவேணும்.”

அவன் சொன்னது சரி என்பது கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது.

எல்லே தெரிந்தவருக்கு

பேஸ்போலை நமக்கு அந்நியம் என்று சொல்ல முடியாது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் விளையாடும் எல்லேயைப் பார்த்தவருக்கு அதில் பாதி விளங்கிவிடும். துடுப்பால் அடித்துவிட்டு வட்டமாக ஓடுவது, இடையில் உள்ள நிலைகளில் தரித்து நிற்பது, முழுச் சுற்றையும் முடித்தால் ஓட்டம் கிடைப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. எல்லேயில் ஓடுகிறவரைப் பந்தால் எறிந்து வீழ்த்தலாம். பேஸ்போலில் பந்தைக் கையில் வைத்திருப்பவர் அவரைத் தொட வேண்டும், அல்லது அவருக்கு முன்னதாகப் பந்து நிலைக்குப் போய்ச் சேர வேண்டும். இலங்கையில் பேஸ்போலுக்கென்றே தியகமவில் ஜப்பானின் உதவியுடன் கட்டப்பட்ட மைதானமும் இருக்கிறது.

கிரிக்கெட்டுக்கும் பேஸ்போலுக்கும் உறவு பழையது. உலகின் முதலாவது சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் 1844இல் நியூயோர்க்கில் நடந்தது. ஆடியவை அமெரிக்காவும் கனடாவும், வென்றது கனடா. பேஸ்போலின் புள்ளிக்கணக்கு முறையை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர். கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு முழு ஆட்டத்தைப் பத்திரிகையின் சின்னஞ்சிறு கட்டத்துக்குள் அடக்கும் அட்டவணை அவர் கையில்தான் வடிவம் பெற்றது.

அந்தக் கணக்குமுறையைப் பழகினால் பேஸ்போலின் சுவை இரட்டிப்பாகும். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒன்பது இலக்கம். பந்து எறிபவர் 1, அவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிப்பவர் 2, முதலாம் நிலைக்காரர் 3, இரண்டாம் நிலைக்காரர் 4, மூன்றாம் நிலைக்காரர் 5, இரண்டாம் மூன்றாம் நிலைகளுக்கு நடுவே நிற்பவர் 6, வெளிக்களத்தில் நிற்கும் மூவரும் 7, 8, 9. இப்போது, பருவ முடிவில் கிண்ணத்துக்காக ஆடும் உலகத் தொடரில், 2025இன் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்துக்கு வருவோம். நவம்பர் முதலாம் திகதி இரவு ரொறன்ரோவில் தொடங்கிய அந்த ஆட்டம் நமக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலை. மூன்றாவது இன்னிங்ஸில் போ பிஷெட்டின் அடி புளூ ஜேய்ஸுக்கு மூன்று ஓட்டங்களைத் தந்தது. ஒன்பதாவதில், புளூ ஜேய்ஸின் வெற்றிக்கு இரண்டே ஆட்டமிழப்புகள் மீதமிருக்க, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிச் சமன் செய்தார். பதினொன்றாவதில் வில் ஸ்மித்தின் அடியால் டொட்ஜர்ஸ் 5–4 என முந்தியது. கடைசியில் மூன்றாம் நிலையில் ஒருவர், முதலாம் நிலையில் ஒருவர் என இரண்டு புளூ ஜேய்ஸ் வீரர்கள் காத்து நிற்க, அலெஹான்ட்ரோ கேர்க் அடித்தார். துடுப்பு முறிந்தது. நிலத்தில் உருண்டு வந்த பந்தை எடுத்த, 6ஆம் இடத்தில் நின்ற மூக்கி பெட்ஸ் இரண்டாம் நிலையை மிதித்துவிட்டு முதலாம் நிலைக்கு எறிந்தார். இருவர் ஆட்டமிழந்தனர்; ஆட்டம் முடிந்தது. 32 வருடங்களுக்குப் பிறகு கிண்ணத்தைத் தொடும் தூரத்துக்கு வந்த ஒரு நகரத்தின் முழு ஏக்கமும் கணக்குப் புத்தகத்தில் ‘6–3’ என்ற இரண்டே இலக்கங்களாகப் பதிந்தது.

ஓர் அணி பங்குனிக் கடைசியில் ஆடத் தொடங்கிப் புரட்டாதிக் கடைசிக்குள் 162 ஆட்டங்கள் ஆடும். மிகச் சிறந்த அணிகூடப் பெரும்பாலும் அவற்றில் ஐம்பதுக்கு மேல் தோற்கும். அதனால் ஒரு நாள் தோல்விக்கு யாரும் தலையில் கை வைப்பதில்லை. தோல்வியும் கணக்கில் ஏறும். நாளைக்கு மறுபடி ஆட்டம். தோற்றவர்களோடு நிற்பதற்கு மனத்தைப் பழக்கும் விளையாட்டு இது. இந்தப் பழக்கம் எங்களுக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

மாசி ஹோலில் ஓர் இரவு

இனி இசைத்தட்டுக்கு வருவோம். கோயில் வீதியில் விடியவிடிய நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவருக்கு ஜாஸ் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புளியம்பொக்கணை நாகதம்பிரான் திருவிழாவில் ஒரு கீர்த்தனையை எடுத்து, அதை விரித்து, இருவர் மாறிமாறிக் கேள்வியும் பதிலுமாக வாசித்து, தவில் தனியாகப் போய்ப் பிறகு எல்லோரும் சேர்ந்து தொடங்கிய இடத்துக்கே வரும்போது கூட்டம் தலையசைத்து ரசிக்கும். ஜாஸும் அந்த வழியேதான் போகும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை முதலில் வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அதே சட்டத்துக்குள் தம் மனோதர்மப்படி போய்வருவார்கள். கடைசியில் மெட்டுக்கே திரும்புவார்கள். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியை ரசித்த காது, ஜோ மொரெல்லோ என்ற ஜாஸ் ட்ரம் கலைஞரையும் ரசிக்கும்.

அதற்கு இசைத்தட்டு ஏன் வேண்டும்? பாட்டுத்தான் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். மச்சான் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்த ஒரு தட்டை வைத்துச் சொல்கிறேன். 1953 மே 15 அன்று ரொறன்ரோவின் மாசி ஹோல் அரங்கில் நடந்த கச்சேரி அது. சாள்ஸ் மிங்கஸ், மக்ஸ் ரோச், பட் பவல், டிஸி கிலெஸ்பி, சாளி பார்க்கர் என்று அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஐந்து கலைஞர்கள் ஒரே மேடையில். ஆனால் அரங்கு நிறையவில்லை. அதே இரவில்தான் ரொக்கி மார்சியானோவுக்கும் ஜேர்சி ஜோ வோல்கொட்டுக்கும் குத்துச்சண்டை. ஊரே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சண்டை முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. கச்சேரி எழுபது வருடங்களுக்கு மேலாகக் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த இரவில் பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக்கால் செய்த சாக்ஸபோன். வேறொரு கொம்பனியுடன் ஒப்பந்தம் இருந்ததால் தட்டின் உறையில் அவருடைய பெயர் ‘சாளி சான்’ என்று அச்சானது. ஒலிப்பதிவில் தன்னுடைய பேஸ் வாத்தியம் சரியாகக் கேட்கவில்லை என்று மிங்கஸ் பிறகு நியூயோர்க்கில் இருந்து அதன்மேல் மறுபடி வாசித்துச் சேர்த்தார். தட்டை வெளியிட்டதும் மிங்கஸும் ரோச்சும் தொடங்கிய சிறு கொம்பனிதான். உறையைக் கையில் வைத்துப் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டு கேட்டால் இந்தச் செய்திகள் இசையோடு சேர்ந்துகொள்கின்றன.

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் புளூ’ இன்னொரு சாட்சி. 1959இல் வந்த அந்தத் தட்டின் முதல் பக்கம், பதிவு செய்த இயந்திரத்தின் வேகக் கோளாறால் உண்மைச் சுருதியை விடச் சற்று மேலே போய்விட்டது. உலகம் முழுக்க மக்கள் அந்தப் பிசகிய சுருதியையே பல பத்து வருடங்கள் காதலித்தார்கள். 1992 மறுபதிப்பில்தான் அது திருத்தப்பட்டது. எந்த வருடப் பதிப்பு என்று சேகரிப்பாளர்கள் துருவித்துருவிப் பார்ப்பதன் காரணம் இதுதான். ஒவ்வொரு பதிப்பும் அது பிறந்த காலத்தைத் தன்னோடு வைத்திருக்கிறது.

ஒரே மக்களின் இரு கலைகள்

ஜாஸும் பேஸ்போலும் ஒரே ரசிகரிடம் வந்து சேர்வது தற்செயல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் திறமையை உலகத்துக்குக் காட்டிய பெரிய களங்கள் இவை. ஜாஸின் தலைமகன் லூயி ஆம்ஸ்ரோங் 1931இல் தன் சொந்த ஊரான நியூ ஒர்லியன்ஸுக்குத் திரும்பியபோது அங்கே ஒரு பேஸ்போல் அணிக்குப் பளிச்சென்ற வெள்ளைச் சீருடை வாங்கிக் கொடுத்து ஆடவைத்தார். பெரிய லீக்குகள் கறுப்பினத்தவரை ஒதுக்கியிருந்த காலம் அது. அந்தக் கதவை 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டொட்ஜர்ஸுக்காக ஆடித் திறந்தவர் ஜாக்கி ரொபின்சன். அதற்கு முந்தைய வருடம் அவர் ஆடியது கனடாவின் மொன்றியல் அணிக்கு. 1949இல் கவுன்ட் பேசியின் ஜாஸ் இசைக்குழு ரொபின்சனைக் கொண்டாடும் பாட்டொன்றை இசைத்தட்டாகவே வெளியிட்டது.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ரொபின்சன் 1963இல் கனெக்டிகட்டில் தன் வீட்டுப் புல்தரையில் ஜாஸ் கச்சேரி வைத்தார். சேர்ந்த பணம் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களின் பிணைக்கு. அங்கே வாசித்தவர்களில் ஒருவர் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக். 1958இல் தன் குழுவோடு இலங்கைக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர் அவர். அதே பயணத்தில் சென்னையில் மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்தும் வாசித்தார்கள். மறுவருடம் புரூபெக் வெளியிட்ட ‘டைம் அவுட்’ ஐந்து, ஒன்பது எனத் தாளக் கட்டுகளை மாற்றிப்போட்டு உலகப் புகழ் பெற்றது. கண்ட நடையும் சங்கீர்ண நடையும் தெரிந்த நம்மவர்கள் அந்தத் தட்டைக் கேட்டால் எண்ணிக்கை தவறாமல் கைதட்டுவார்கள்.

ஜாஸ் கடைக்காரர் நாவலாசிரியர் ஆன கதை

இந்த இரண்டு இன்பங்களையும் ஒருவர் வாழ்நாள் முழுக்க வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹருகி முரகாமியே போதும். தமிழிலும் நிறைய வாசகர் உள்ள ஜப்பானிய எழுத்தாளர். எழுத வருமுன் தோக்கியோவில் ‘பீற்றர் கற்’ என்ற சிறு ஜாஸ் கோப்பிக்கடை நடத்திக்கொண்டிருந்தார். கடையில் ஓடியவை அவர் சேர்த்த தட்டுகள். கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஜிங்கு மைதானம். அங்கே விளையாடிய யாகுல்ட் ஸ்வாலோஸ் அடிக்கடி தோற்கும் அணி. முரகாமிக்கு அதுவே போதுமாக இருந்தது.

1978 ஏப்ரல் முதலாம் திகதி பருவத்தின் முதல் ஆட்டம். கூட்டம் குறைவு. வெளிக்களப் புல்மேட்டில் பியர் குடித்துக்கொண்டு அவர் சாய்ந்திருந்தார். முதல் இன்னிங்ஸில் டேவ் ஹில்டன் என்ற அமெரிக்கர் பந்தை இடது பக்கம் அடித்து இரண்டாம் நிலைக்கு ஓடினார். துடுப்பு பட்ட ஓசை மைதானம் முழுக்கக் கேட்டது. அந்தக் கணத்தில், தன்னாலும் ஒரு நாவல் எழுத முடியும் என்று தோன்றியதாக முரகாமி பின்னர் எழுதினார். அப்போது அவருக்கு 29 வயது. அந்த வருடமே ஸ்வாலோஸ் தன் வரலாற்றில் முதல் தடவையாக ஜப்பான் கிண்ணத்தை வென்றது. மறுவருடம் அவருடைய முதல் நாவல் ‘குன்சோ’ பரிசு பெற்றது. அவர் படித்த வசேதா பல்கலைக்கழகத்தில் 2021இல் திறக்கப்பட்ட முரகாமி நூலகத்தில் அவர் கொடுத்த இசைத்தட்டுகளை யாரும் உட்கார்ந்து கேட்கலாம். ஒருவருடைய சேகரிப்பு பொதுச்சொத்தாக மாறுவது இப்படித்தான்.

டைனமோவில் கேட்ட காலம்

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். போர்க்காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் இருந்ததால் பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து போன வயரில் வானொலி பேசும். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாட்டு இழுபடும். பி.எச். அப்துல் ஹமீதின் குரலும் கிரிக்கெட் வர்ணனையும் அந்த வயர் வழியாகத்தான் எங்களுக்கு வந்தன. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து இலங்கைக்கு உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்தபோது, நாலரை மாதத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனத்தில் ஒரு பகுதி வன்னி மரநிழல்களில் இருந்தது. அதற்குள்ளும் ஓட்டக் கணக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

பாட்டுச் சேர்ப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. றெக்கோடிங் பாருக்குப் போய், கொப்பித்தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் வெற்றுக் கசெற்றையும் கொடுத்தால் கிழமைக்குள் பதிந்து தருவார்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் ஒலித்த பாட்டுகளை அப்படித்தான் சேர்த்தோம். ஜாஸின் வாத்தியங்கள் முதலில் எங்கள் காதுக்கு வந்தது தமிழ்ப் படப் பாட்டுக்குள்ளே. கசெற்றின் உறையில் பாட்டுகளை வரிசையாக எழுதி, வருடத்தைப் போட்டு, அலுமாரியில் அடுக்கிய ஒவ்வொருவரும் ஒரு சேகரிப்பாளர்தான்.

2009 சனவரியில் கிளிநொச்சி விழுவதற்கு முன்னும் பின்னும் மேற்கிலிருந்து வந்த சனம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால்தான் கிழக்கே போனது. இடம்பெயர்ந்த கிளிநொச்சி வைத்தியசாலை சில காலம் தர்மபுரத்திலேயே இயங்கியது. பிறகு தர்மபுரமும் எழும்பிப் போனது. விசுவமடு, உடையார்கட்டு, அதற்கப்பாலும் போன பாதையில் பெட்டிகளின் பாரம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கசெற்றும் அல்பமும் புத்தகமும் முதலில் இறக்கி வைக்கப்பட்டன. உயிரைக் காப்பாற்ற அவை உதவாது. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை.

இதனால்தான் ஓர் இசைத்தட்டை வாங்கி உறைபோட்டு நிறுத்தி வைப்பதை நான் சின்ன விசயமாகப் பார்ப்பதில்லை. எடுத்துக்கொண்டு ஓட வசதியான பொருள் இல்லை அது. பாரமானது; உடையக்கூடியது; வெயில் பட்டால் வளையக்கூடியது. வீடு நிலைக்கும் என்று நம்புகிறவர் மட்டுமே அதைச் சேர்ப்பார். 162 ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்வதற்கும் அதே நம்பிக்கை வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகும் இதே கதிரையில் இருந்து பார்ப்பேன் என்று நினைக்கத் துணிய வேண்டும்.

இழந்ததைப் பற்றி மட்டும் பேச வேண்டியவர்களாகவே எங்களைப் பலரும் பார்க்கிறார்கள். ஜாஸும் பேஸ்போலும் வசதிக்காரரின் பொழுதுபோக்கு, வன்னியில் கேட்க எத்தனையோ வேறு பிரச்சினைகள் இருக்கின்றன என்பார்கள். பிரச்சினைகள் இருப்பது உண்மை. ஆனால் காரணம் சொல்லத் தேவையில்லாத, பயன் கேட்கத் தேவையில்லாத ஓர் இன்பம் இல்லாமல் எந்த மனிதரும் முழுதாக மீள்குடியேறியவர் ஆக மாட்டார். 2013 பெப்ரவரியில் இளையராஜாவின் கச்சேரிக்காக எங்கள் சனம் திரண்டது புளூ ஜேய்ஸ் ஆடும் அதே ரோஜர்ஸ் சென்ரரில். பனி கொட்டும் ஊரில் போய் இறங்கியவர்கள் அந்த மைதானத்தில் பாட்டையும் கேட்டார்கள், பந்தையும் பழகினார்கள். ஊரில் இருக்கும் எங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

தொடங்குவோருக்கு

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. புத்தகம்போல் நேராக நிறுத்த வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் வைக்கவே கூடாது. வன்னி வெயிலில் வைனல் வளைந்தால் பழைய நிலைக்கு வராது. மழைக்காலத்தில் உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி சவர்க்காரத் திரவம் விட்டு, மெல்லிய துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலரவிட வேண்டும். விளிம்பிலும் நடுச் சீட்டிலும் மட்டும் கைபட வேண்டும். 1950களுக்கு முந்தைய 78 சுற்றுத் தட்டு கைதவறினால் கண்ணாடிபோல் உடையும். அதற்கு ஊசியும் வேறு.

எல்லே விளையாடும் பிள்ளைகளுக்குப் பேஸ்போல் கணக்கு எழுதப் பழக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். தாம் ஆடிய ஆட்டத்தைத் தாமே பதிந்து வைக்க அவர்கள் பழகுவார்கள். சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலைகளிலும் ஓர் அலுமாரி, ஒரு தட்டுச்சுழற்றி, கசெற் கேட்க ஒரு கருவி வைக்கலாம். வீடுகளில் எஞ்சிய தட்டுகளும் கசெற்றுகளும் இருந்தால் கொண்டுவரச் சொல்லலாம். 2005 முதல் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவை இருக்கும்போது, ஒலிப்பதிவுகள் இன்னொரு முறை அழிய நாங்கள் விடக் கூடாது.

அடுத்த பங்குனிக் கடைசியில் புதிய பருவம் தொடங்கும். புளூ ஜேய்ஸ் வெல்லலாம், தோற்கலாம். புரட்டாதி வரை விடியப்புறம் எழும்பி அதைப் பார்க்கப்போகிறேன் என்று தர்மபுரத்தில் இருந்துகொண்டு இன்று சொல்ல முடிகிறது. எங்கள் பெற்றோருக்கு அடுத்த மாதத்தைப் பற்றிக்கூட அப்படிச் சொல்ல முடியாத வருடங்கள் இருந்தன. அதனால் கிடைத்திருக்கும் இந்த நேரத்தைக் கூச்சமில்லாமல் அனுபவிப்போம், சேர்த்தும் வைப்போம்.